கிராமப்புறப் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.ஹெச்.: ஆஸ்பத்திரிக்கு வராதவர்களைப் பற்றிய படிப்பு

1989-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியும் அவர்களுடைய குழுவும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்திருந்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோயோ பாலுறவு வழியாக வரும் நோயோ இருந்தது. அதற்கு முன்பு எப்போதாவது மகளிர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். பக்கத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் புரட்டிக் கணக்குப் போட்டிருந்தால், அந்த ஊர்ப் பெண்களுக்குப் பெரிதாக ஒரு குறையும் இல்லை என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம்.

கிராமப்புறத்தை மையமாக வைத்து எம்.பி.ஹெச். (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், பொதுச் சுகாதார முதுகலை) படிக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை, அவர்களை எப்படி எண்ணுவது? படிப்பு முழுக்க இதையே சுற்றிச் சுற்றி வரும். எந்தக் கல்லூரி, எந்த விருப்பப் பாடம், என்ன தீசிஸ் என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியை எடுத்து வைத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் படி: இது உங்களுக்கான படிப்பா?

மருத்துவர்கள் மட்டும்தான் படிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. நர்சிங், பல் மருத்துவம், சமூகப்பணி, புள்ளியியல், பொருளாதாரம், ஊட்டச்சத்து என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். ஒரு வகுப்பில் இவர்கள் எல்லாரும் கலந்து இருந்தால் அது நல்ல வகுப்பு. மருத்துவருக்குத் தெரியாத கணக்கைப் பொருளாதாரம் படித்தவர் சொல்லித் தருவார். கேள்வித்தாளோடு போனால் ஒருவர் ஏன் பொய் சொல்கிறார் என்பதைச் சமூகப்பணி படித்தவர் விளக்குவார்.

ஆனால் ஒன்று. இந்தப் படிப்பு முடித்தால் யாருக்கும் ஊசி போட மாட்டீர்கள். ஒரு நோயாளி குணமாகி எழுந்து போவதைப் பார்க்கும் சந்தோஷம் இதில் அநேகமாகக் கிடைக்காது. வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. அதைக் காட்டிப் பாராட்டு வாங்குவது கஷ்டம். எக்ஸெல் தாள்கள், அறிக்கைகள், கூட்டங்கள், மீண்டும் எக்ஸெல் தாள்கள். நடுநடுவே வெயிலில் நெடுந்தூர நடை. இது சலிக்கும் என்றால் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

பட்டங்களின் பெயரிலும் குழப்பம் வரும். எம்.பி.ஹெச். பெரும்பாலும் களத்திலும் திட்டங்களிலும் வேலை செய்யத் தயார் செய்யும் பட்டம். பொதுச் சுகாதாரத்தில் எம்.எஸ்ஸி. ஆய்வுப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரி நிர்வாகப் பட்டம் வேறு வழி. அது கட்டடத்துக்கு உள்ளே நடப்பதைப் பற்றியது. நமக்கு வேண்டியது வெளியே.

இரண்டாவது படி: சிலபஸைப் படியுங்கள், விளம்பரத்தை வேண்டாம்

எங்கே படித்தாலும் அடிப்படை ஐந்து பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: நோய்ப்பரவலியல் என்கிற எபிடெமியாலஜி, உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக நடத்தை அறிவியல். அதன் மேல் களப்பயிற்சி, தீசிஸ் அல்லது ஒரு திட்டப்பணி. பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் வழக்கமாக ஓர் ஆண்டு. பல நாடுகளில் இரண்டு ஆண்டுகள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஹெச். என்றால் குறைந்தது 42 கிரெடிட்.

பெயரில் 'கிராமப்புறம்' என்று இருப்பதால் மட்டும் ஒரு படிப்பு கிராமப்புறப் படிப்பாகிவிடாது. இரண்டு விருப்பப் பாடத்தைச் சேர்த்துவிட்டு, மீதியெல்லாம் வகுப்பறைக்குள்ளேயே நடத்தும் இடங்கள் உண்டு. பெயரில் எதுவுமே இல்லாமல், வருடம் முழுக்க ஒரு வட்டாரத்தோடு உறவு வைத்திருக்கும் துறைகளும் உண்டு. இரண்டாவது வகைதான் வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: துறைக்கென்று ஒரு களப்பகுதி இருக்கிறதா, அந்தப் பகுதியின் வீடுகளும் ஆட்களும் எண்ணப்பட்ட பட்டியல் கையில் இருக்கிறதா? இதில் உலகம் அறிந்த உதாரணம் பங்களாதேஷின் மத்லப். 1966 முதல் அங்கே பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் வீடு வீடாகப் பதிவாகிவருகின்றன. அதற்கும் முன்பு, 1940-ல் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி பொலேலா என்ற ஊரில் சுகாதார மையம் தொடங்கினார்கள். வந்த நோயாளிக்கு வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், சுற்றுவட்டார வீடுகளைப் பட்டியலிட்டு, எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று தேடிப்போனார்கள். அந்த அளவுக்கு ஒரு கல்லூரியிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆயிரம் வீட்டுக்காவது பட்டியல் வைத்திருக்கும் துறையில் படிக்கிறவருக்கும், பட்டியலே இல்லாத இடத்தில் படிக்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் தெரியும்.

அப்புறம், கடந்த நான்கைந்து ஆண்டுகளின் தீசிஸ் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் உண்மையில் களத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் ஏற்கெனவே இருந்த தரவை இறக்கிப் பகுப்பாய்வு செய்தார்கள் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதும் மோசமில்லை. ஆனால் எல்லாருமே அப்படித்தான் என்றால், அங்கே களப்பயிற்சி பேருக்குத்தான். படித்து முடித்த ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர்களைப் பற்றி அப்புறம் விசாரிக்கலாம். களத்துக்கு வண்டி யார் தந்தார்கள், எத்தனை வாரம் அங்கேயே தங்கினார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

ஆன்லைன் படிப்பைப் பற்றியும் கேட்பார்கள். ஏற்கெனவே கிராமச் சுகாதார வேலையில் இருக்கிறவருக்கு அது ரொம்பப் பொருத்தம். வேலை செய்யும் இடமே களமாகிவிடும். வேலை அனுபவமே இல்லாதவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது படி: விண்ணப்பக் கட்டுரை

'ஏழை எளிய கிராம மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு.' இந்த வரியைத் தேர்வுக் குழு ஒரு நாளில் நாற்பது தடவை படித்திருக்கும். உண்மையாகவே இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில், பார்த்த ஒன்றை எழுதுங்கள். உதாரணமாக: 'நான் வேலை பார்த்த கிளினிக்கில் நீரிழிவுக்கு மாத்திரை வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் சாலையோர வீட்டுக்காரர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று மாதத்தில் இரண்டே பேர் வந்தார்கள். அந்தப் பக்கம் நோய் குறைவா, வழி குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கற்க வருகிறேன்.' இதில் எண் இருக்கிறது, இடம் இருக்கிறது, கேள்வி இருக்கிறது. முக்கியமாக, எழுதியவருக்கு இன்னும் விடை தெரியாது. விடை தெரிந்தவர்போல எழுதும் விண்ணப்பங்கள்தான் அதிகம் தள்ளுபடியாகும்.

இப்படிப்பட்ட நிலைக்கு ஒரு பெயரும் உண்டு. வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ல் இதை 'தலைகீழ் கவனிப்பு விதி' என்று எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும் என்பது அதன் சாரம். நேர்காணலுக்குப் போகுமுன் படித்துவிட்டுப் போங்கள். சில பக்கங்கள்தான்.

உதவித்தொகை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனின் செவனிங், ஜெர்மனியின் டாட் வழங்கும் வளர்ச்சி சார்ந்த உதவித்தொகைகள் இரண்டுமே இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. பட்டம் முடித்த கையோடு விண்ணப்பித்து ஏமாறுவதைவிட, முதலில் ஒரு களத் திட்டத்தில் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டுப் போவது எல்லா வகையிலும் லாபம். கடன் வாங்கிப் படிக்கிறவர்கள், கிராமப்புற வேலைகளில் தொடக்கச் சம்பளம் என்ன என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவது படி: முதல் பருவத்துக் கணக்கு

புள்ளியியலைக் கண்டு பயந்து பாதிப் பேர் முதல் பருவத்தை வீணாக்குகிறார்கள். பயம் சூத்திரத்தால் வருகிறது. சூத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த பின்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொகுதி, கீழே பகுதி. கிராமப்புறச் சுகாதாரத்தில் சண்டையெல்லாம் கீழே இருக்கும் எண்ணைப் பற்றித்தான்.

5,000 பேர் வசிக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கின்றன. போன ஆண்டு பிறந்தவற்றில் 2 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்தன. சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 20. இந்த ஆண்டு 3 குழந்தைகள். விகிதம் 30. 'ஒரே ஆண்டில் 50 சதவீதம் உயர்வு' என்று யாராவது தலைப்புப் போட்டுவிடுவார்கள், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மாறியது ஒரு குழந்தை. 100-க்கு 3 என்ற எண்ணுக்கு 95 சதவீத நம்பக எல்லை போட்டால், ஆயிரத்துக்கு 6-லிருந்து 85 வரை எங்கு வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம் என்று வரும். ஆகவே சின்ன ஊர்களில் பல ஆண்டுகளைச் சேர்த்துத்தான் விகிதம் போட வேண்டும். அந்த ஒரு குழந்தையின் மரணத்தை விகிதமாக்காமல், என்ன நடந்தது என்று வீட்டுக்குப் போய்த் தனியாக விசாரிக்க வேண்டும்.

சரி, அந்த 100 எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரிப் பிரசவப் பதிவேட்டிலிருந்து என்றால், வீட்டில் பிறந்தவை அதில் இல்லை. வீட்டில் பிறந்து இரண்டாம் நாளே இறந்த குழந்தை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அது பிறக்கவே இல்லை என்கிறது பதிவேடு. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புள்ளியியல் முடிந்தது என்பேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கு அலைய வேண்டாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். களத்தில் தரவு எடுக்க ஓ.டி.கே., கோபோ டூல்பாக்ஸ் இருக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்துவைத்து, பிறகு அனுப்பலாம். வகுப்பில் வேறு விலையுயர்ந்த மென்பொருள் சொல்லிக்கொடுத்தாலும் ஆர் பழகிவிடுங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரியின் லைசென்ஸ் உங்களோடு வராது.

எபிடெமியாலஜி வகுப்பில் நகரத்து உதாரணங்களே அதிகம் வரும். கிராமத்துக்கு என்று ஒரு வசதி உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்: யார் எங்கே போனார், யாரோடு பேசினார் என்பது ஊருக்கே தெரியும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் கிராம மருத்துவராக இருந்த வில்லியம் பிக்கிள்ஸ் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். 1929-ல் அங்கே மஞ்சள்காமாலை பரவியபோது, காலையில் படுக்கையில் கிடந்த ஒரு பெண் அன்றே எழுந்து ஊர் விழாவில் பாத்திரம் கழுவியதைக் கண்டறிந்தார். அங்கிருந்து யாருக்கு எப்போது தொற்றியது என்று நாள் கணக்குப் போட்டு, தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை நோய் உள்ளே தங்கும் காலத்தைக் கணித்தார். பெருநகரத்தில் இப்படிப் பின்தொடர்வது லேசில்லை.

இன்னொன்றையும் முதல் பருவத்திலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இருவர் பிரசவ மரணங்களை வைத்துச் சொன்ன 'மூன்று தாமதங்கள்': ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிரசவத்துக்கென்று சொன்னது. பாம்புக்கடிக்கும் பக்கவாதத்துக்கும் வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

ஐந்தாவது படி: களம்

என் முதல் சர்வே தடுப்பூசி பற்றியது. பழைய '30-க்கு 7' முறை: 30 ஊர்க் கூறுகள், ஒவ்வொன்றிலும் 12 முதல் 23 மாதம் வரையான 7 குழந்தைகள், மொத்தம் 210. முதல் வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்துவிட்டு, அடுத்தடுத்த வீடாக 7 குழந்தை சேரும்வரை போக வேண்டும்.

மணி பத்தரை. ஆறு குழந்தை முடிந்தது. அடுத்த மூன்று வீடும் பூட்டு. நான்காவது திறந்திருந்தது. குழந்தை இருந்தது, பாட்டி இருந்தார், தடுப்பூசி அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. எல்லா ஊசியும் போட்டிருந்தார்கள். மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாயங்காலம் என் தாளைப் பார்த்த மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "பூட்டியிருந்த வீட்ல குழந்தை இருக்கா?"

தெரியவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் போகச் சொன்னார். மூன்றில் இரண்டு வீட்டில் குழந்தை இருந்தது. விடியும் முன்னே அம்மா குழந்தையையும் தூக்கிக்கொண்டு கூலி வேலைக்குப் போய்விடுகிறார். ஒரு வீட்டில் அட்டையே இல்லை. இன்னொரு வீட்டு அட்டை முதல் டோஸோடு நின்றிருந்தது. ஊசி போடும் நாளும் பகலில்தான் வருகிறது, சர்வேயும் பகலில்தான் வருகிறது. இரண்டுக்கும் அந்தக் குழந்தை கண்ணில் படவில்லை. பூட்டிய வீட்டைத் தாண்டிப் போன ஒவ்வொரு முறையும் என் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாக அழகாகிக்கொண்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் திருத்திய கையேடு இப்போது வேறு வழி சொல்கிறது. வீடுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, அதிலிருந்து தேர்வு செய்ய வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வேறு வீட்டை எடுக்காமல் அதே வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். நீங்கள் எந்த முறையில் செய்தாலும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பூட்டிய வீடுகளுக்கென்று நோட்டில் தனிப் பக்கம்.

கேள்வித்தாளை வாசிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். 'கழிப்பறை பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். 'நேற்று வீட்டில் யார் யார் எங்கே போனார்கள்' என்று ஒவ்வொருவராகக் கேட்டால் கதை வேறாக இருக்கும். குழு விவாதம் நடத்தினால் ஊர்ப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிவிட முடியாது. இன்னொரு மாணவரை அனுப்பி அவரிடம் ஊர் வரலாறு கேட்கச் சொல்லுங்கள், தள்ளி உட்கார்ந்து.

சம்மதப் படிவத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் மேகன் கவுன்ட்டி என்ற கிராமப்புறத்தில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பினத்தவரை அரசுச் சுகாதாரத் துறையே வைத்தியம் தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. இலவசப் பரிசோதனை என்று சொல்லித்தான் அவர்களைச் சேர்த்தார்கள். டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊரில் வெள்ளைக் கோட்டுப் போட்டு யார் வந்தாலும் 'சரி' என்றுதான் சொல்வார்கள். அந்த 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்று சொன்னாலும் எதுவும் நின்றுவிடாது என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஆறாவது படி: தீசிஸ்

தலைப்பைச் சுருக்குவதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். 'கிராமப்புறத் தாய் சேய் நலம்' என்பது தலைப்பு இல்லை, ஒரு துறை. 'குறைந்தது நான்கு கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வராத பெண்கள் எந்தப் பரிசோதனையோடு நிற்கிறார்கள், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன' என்பது தலைப்பு. ஒரு வாக்கியத்தில் யார், எங்கே, எதை அளக்கப்போகிறோம் என்று சொல்ல வராவிட்டால் கைடைப் பார்க்கப் போகாதீர்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதுவும் வழக்கம்தான். ஆகவே புரொபோசல் முழுமையாகும்வரை காத்திராமல் படிவங்களை முன்பே தயார் செய்யுங்கள். களப்பணிக்கு நாள் குறிக்கும் முன் விதைப்பும் அறுப்பும் எப்போது, எந்த மாதம் பாதை மூழ்கும் என்று கேளுங்கள். அறுவடை வாரத்தில் போனால் ஊரே பூட்டிய வீடுதான். கேள்வித்தாளை மொழிபெயர்த்தால், அசலைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். 'மனச்சோர்வு' என்று நீங்கள் எழுதியது 'சோம்பல்' என்று திரும்பி வரும்போது ஏன் இதைச் சொன்னேன் என்று புரியும்.

திட்ட மதிப்பீடு செய்ய விரும்புகிறவர்கள், 1980-ல் பங்களாதேஷில் பிராக் அமைப்பு தொடங்கிய வேலையைப் படிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுக்கும் முறையை வீடு வீடாகத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்த்துப் பணியாளருக்குச் சம்பளம் தரவில்லை. பின்னால் இன்னொருவர் போய்ப் பார்க்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கரைக்க வருகிறதா என்று பார்த்துத் தந்தார்கள். அப்படியும் ஆரம்பத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்களே தவிர, நிறையப் பேர் பயன்படுத்தவில்லை. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகே பயன்பாடு ஏறியது. உங்கள் மதிப்பீட்டில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு வரி வரும்போது இது ஞாபகம் வரட்டும்.

முடிவுகளை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஊருக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். ஒரு தாள் போதும், ஆங்கிலம் வேண்டாம். 'இது தப்பு, அந்தத் தெருவில் நீங்கள் கேட்கவே இல்லை' என்று யாராவது சொல்வார்கள். தேர்வாளர் கேட்கும் முன் அவர்கள் கேட்டுவிடுவது உங்களுக்கு நல்லதுதான்.

படித்து முடித்த பிறகு

அரசின் நோய்த்தடுப்புத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், சர்வதேச அமைப்புகள் என்று வேலைக்கு வழிகள் இருக்கின்றன. ஒப்பந்த வேலைகளே அதிகம். ஒரு திட்டத்துக்கு நிதி நின்றால் வேலையும் நிற்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'கிராமப்புற ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவியில் சேர்ந்து வருடம் முழுக்கத் தலைநகரில் ஸ்லைடு செய்துகொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நேர்காணலில் கடைசியாக 'உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா' என்பார்கள் அல்லவா, அப்போது மாதத்தில் எத்தனை நாள் களம், போக வர வண்டி உண்டா, சேகரிக்கும் தரவை அந்த ஊருக்கே திருப்பிச் சொல்ல அனுமதி உண்டா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அடுத்த இடத்துக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.